சோதனை அட்டையும் மனச்சான்றும்

பயன் கண்ணுக்குப் புலப்படும் கடமையைச் செய்வது எளிது. விதைத்தவன் விளைச்சலைக் காண்கிறான். கற்பித்தவன் மாணவனின் உயர்வைக் காண்கிறான். செவ்வனே செய்தாலும் காட்டுதற்கு ஏதுமில்லாத கடமைகளும் உள. சுவரில் தொங்கும் தீயணைப்புக் கருவியைத் திங்கள்தோறும் சோதித்தல் அத்தகையது. செய்தவனிடமும் செய்யாதவனிடமும் ஆண்டிறுதியில் மிஞ்சுவது கையொப்பமிட்ட ஓர் அட்டையே.

ஜார்ஜ்டவுன் நகரின் பழைய கடைவீடுகளை நோக்குவார்க்கு இச்சோதனையின் அருமை விளங்கும். 2008ஆம் ஆண்டு மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுடைமையாக ஏற்ற இந்நகரில், ஒரு சுவரை இரு வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. மாடித் தளமும் படிக்கட்டும் மரம். லெபோ பந்தாயில் நூற்றாண்டு கடந்த தீயணைப்பு நிலையம் நிற்பது உண்மையே. ஆயினும், வண்டி வந்து சேரும்வரை அச்சிவப்புக் குப்பியன்றி வேறு துணையில்லை. அதுவும் அரை நிமிடத்திற்குள் தீர்ந்துவிடும்.

சோதனை பெரிய வித்தையன்று. கருவி உரிய இடத்தில் உள்ளதா, அதனை மறைத்துப் பெட்டிகள் அடுக்கப்பட்டுள்ளனவா, அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா, ஊசியும் முத்திரையும் குலையாமல் உள்ளனவா, குழாய் வெடித்துள்ளதா, கடற்காற்றில் அடிப்பகுதி துருவேறியுள்ளதா என்று பார்த்தால் போதும். கரியமிலவாயுக் கருவிக்கு முள்ளே கிடையாது. அதனை நிறுத்துப் பார்த்தல் வேண்டும். சில நிமிடங்களே ஆகும் இவ்வேலையைச் செய்யாமல், பன்னிரண்டு திங்களுக்குரிய கட்டங்களையும் ஒரே நாளில், ஒரே மையால் நிரப்புவோர் உளர்.

அவ்வாண்டில் தீயே மூளவில்லையெனில், அவர் யாருக்குத் தீங்கிழைத்தார்?

விளைவைக் கொண்டே அறத்தை அளப்போர், ஒருவருக்குமில்லை என்பர். அது பொருந்தாது. அட்டை என்பது ஓர் உறுதிமொழி. மாடியில் உறங்கும் மூதாட்டி அதனைப் படித்திராள்; யாரோ பார்த்திருப்பார் என்னும் நம்பிக்கையில் கண்ணயர்கிறாள். கேள்வி கேட்க அறியாதாரிடம் உரைக்கும் பொய், கேட்பாரிடம் உரைக்கும் பொய்யினும் கொடிது. தீ வாராமை தற்செயல். அதனைக் கையொப்பமிட்டவரின் நற்செயலாகக் கணக்கிடலாகாது. வரவிருக்கும் தீங்கைத் தடுக்காதவனின் வாழ்வுக்கு நெருப்பின் முன் கிடக்கும் வைக்கோற் போரை உவமை கூறிய வள்ளுவர், அக்கருத்தைக் குற்றங்கடிதல் என்னும் அதிகாரத்தில் வைத்தார் என்பது நினைக்கத்தக்கது.

2004ஆம் ஆண்டு சூலை 16ஆம் நாள், கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் எழுந்த தீ கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைப் பலிகொண்டது. பற்றி எரியும் கீற்றுக் கூரையை ஒரு குப்பி அணைத்திராது. அணைத்திருக்கும் என்று கூறுவது நேர்மையன்று. ஆனால், அத்தீ அடுப்பருகே ஒரு முழ உயரமே இருந்த கணம் ஒன்றும் இருந்திருக்க வேண்டும்.

ஊழியர்மீது மட்டும் பழி சுமத்துவதும் முறையன்று. முள் தாழ்ந்துள்ளது என்று எழுதியவரிடம், “இதற்குப் பணம் எங்கே?” என்று சீறும் மேலாளர் உளர். அடுத்த திங்கள் அவ்வூழியர் முள்ளைப் பாரார். மலேசியாவின் 1988ஆம் ஆண்டுத் தீயணைப்புச் சட்டம் குறிப்பிட்ட வகைக் கட்டடங்களுக்குத் தீச் சான்றிதழைக் கட்டாயமாக்கியுள்ளது. எனினும் அச்சான்றிதழ் ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்படுவது. இடைப்பட்ட நாள்களில் எந்த அதிகாரியும் அன்றாடம் வந்து நிற்பதற்கில்லை. நிறைந்த கட்டங்களைக் கண்டு மகிழ்ந்து, குறை எழுதிய கட்டத்தைக் கண்டு முகஞ்சுளிக்கும் மேலாளரின் மேசையிலேதான் அப்பொய் முதலிற் பிறக்கிறது.

குறையை எழுதியவருக்கு நன்றி கூறி, அன்றே மாற்றுக் கருவியை மாட்டும் இடங்களும் இல்லாமலில்லை. அங்கே அட்டையின் மை திங்களுக்குத் திங்கள் வேறுபட்டிருக்கும். ஓரிரு கட்டங்களில் “பெட்டிகளை அகற்றினேன்”, “எடை குறைந்துள்ளது” என்னும் கிறுக்கலும் காணப்படும்.