உறுதியில் யார் பெயர்?

ஒரு வீட்டை நீதியாகக் கொடுப்பது என்றால் என்ன? தேவையுள்ளவருக்குத் தேவையானதைக் கொடுப்பது என்று சொல்லிவிடலாம். ஆனால் தேவை எது என்பதை யார் சொல்வது என்ற இடத்திலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது.

2004 டிசம்பர் 26இல் வந்த கடற்கோளில் இந்நாட்டில் முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். ஆகக்கூடிய உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில்தான். மருதமுனை, சாய்ந்தமருது என்று வேலியோடு வேலி முட்டும் எமது ஊர்களின் கரையோரம் துடைத்தெறியப்பட்டது. அடுத்த ஆண்டு, வடக்குக் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாதென அரசு அறிவித்தது. பின்னர் அத்தூரம் குறைக்கப்பட்டது. கரையில் திரும்பக் கட்ட முடியாதவர்களுக்குக் கொடையாளிகள் வீடு தர முன்வந்தனர். அவர்கள் நல்ல மனதோடுதான் வந்தார்கள். அதில் எனக்கு ஐயமில்லை.

எமது பகுதியில் வீடு என்பது பெண்ணுடையது. மகளுக்குக் கலியாணம் பேசும்போதே வீடும் பேசப்படும். மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிவருவார். அடுத்த மகளுக்கு அதே வளவில் இன்னொரு வீடு எழும்பும். பெற்றோர் ஒரு மூலைக்கு ஒதுங்குவார்கள். நான் படிப்பிக்கும் பிள்ளைகளிடம் "இது ஆர்ர வூடு?" என்று கேட்டால், "எங்கட உம்மாட வூடு" என்றுதான் பதில் வரும். இவ்வழக்கத்தைப் போற்றிப் பாட நான் வரவில்லை. வாப்பாவும் நானாமாரும் மத்திய கிழக்கில் வெந்து சீதன வீடு கட்டும் கொடுமையும் இதற்குள்தான் இருக்கிறது. அது தனிக் கட்டுரைக்குரியது. ஆயினும் கணவன் கைவிட்டாலும் பெண் தெருவுக்கு வரமாட்டாள் என்றொரு காப்பும் இதில் இருந்தது.

பயனாளிகள் படிவமோ 'குடும்பத் தலைவர்' யார் என்று கேட்டது. ஆணின் பெயர் எழுதப்பட்டது. உம்மாவின் வளவுக்கு ஈடாகக் கிடைத்த வீடு பல இடங்களில் வாப்பாவின் பெயருக்கு மாறியது. படிவம் நிரப்பிய உத்தியோகத்தரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமே வாரிசுரிமையில் ஆண்மக்களுக்கு முதலிடம் கொடுத்திருந்தது. அது திருத்தப்பட்டது 2022இல்தான்.

வளவோடு போனது வீடு மாத்திரமல்ல. முருங்கை, பப்பாசி, கோழிக்கூடு, கிணற்றடிக் கீரை எல்லாம் போயின. கரைவலைக்காரருக்குக் கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தது. மாடிக் குடியிருப்பில் இவற்றுக்கு ஏது இடம்? காசில்லாத நாளிலும் ஒரு வேளைக் கறியைத் தந்த நிலத்துக்கு யாரும் விலை மதிப்பிடவில்லை.

நுரைச்சோலையை எடுத்துக்கொள்ளுங்கள். சவூதி அரேபியாவின் உதவியில் அங்கு 500 வீடுகள் கட்டப்பட்டன. எந்த இனத்தாருக்கு எத்தனை என்ற பிணக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வீடுகள் பல ஆண்டுகள் ஆளின்றிப் பற்றை மண்டிக் கிடந்தன. எண்ணிக்கை பற்றிய வாதம் அநாவசியமானது என்று நான் சொல்லமாட்டேன். பங்கீட்டில் அநீதி நடந்தால் பேசத்தான் வேண்டும். ஆனால் அத்தனை சத்தத்துக்குள்ளும், அவ்வீடுகளில் அடுப்பு மூட்டவேண்டிய பெண்களின் குரல் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அப்படியானால் ஊரிடமே பொறுப்பை விட்டுவிட்டால் சரியாகிவிடுமா? இதிலும் அவசரப்படக்கூடாது. அக்கரைப்பற்று போன்ற ஊர்களில் குடி தாய்வழியில் இறங்குகிறது. பள்ளிவாசல் நிருவாகத்தில் அக்குடியின் சார்பில் அமரும் மரைக்காரோ ஆண். வாடகைக்கு இருந்தவரும் சொந்தக்காரரின் வளவில் ஒண்டியிருந்தவரும் ஊர் தயாரிக்கும் பட்டியலிலும் கடைசியில்தான் வருவார்கள். ஊரும் ஓர் அதிகாரம்தானே! ஆகவே, சமூகமே தீர்மானிக்கட்டும் என்பதை, அச்சமூகத்தில் யாருக்கெல்லாம் வாய்திறக்க இடமுண்டு என்ற கேள்வியோடு சேர்த்தே என்னால் ஏற்க முடிகிறது.

மூன்று பெண்பிள்ளைகளைப் பெற்ற ஓர் உம்மாவை அன்று வரைபடத்துக்கு முன்னால் உட்காரவைத்திருந்தால், அவர் சுவரின் நிறத்தைப் பற்றிப் பேசியிருக்கமாட்டார். அத்திவாரம் மேல்மாடியைத் தாங்குமா, குசினிக்குப் பின்னால் இன்னும் எத்தனை முழம் காணி மிஞ்சும், உறுதி யார் பெயரில் எழுதப்படும் என்றுதான் கேட்டிருப்பார்.