நீலப் பையும் ஒரு கரண்டியும்

வணிக நிறுவனம் ஒன்று மடிந்த பின், அதன் சின்னம் பொறித்த கரண்டியையும் காகிதத்தையும் தேடித் தேடிச் சேர்ப்பவரைக் கண்டு நகைப்பது எளிது. அரசனின் முத்திரை மோதிரத்தைப் போற்றலாம்; மூதாதையர் விட்டுச் சென்ற ஓலைச்சுவடியைப் போற்றலாம்; இலாபத்துக்காகப் பறந்து, நட்டத்தால் வீழ்ந்த ஒரு விமான நிறுவனத்தின் சீட்டுக்கட்டையும் தோள்பையையும் போற்றுவதில் என்ன பொருள் இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். பொருளாசையின் இன்னொரு வடிவம் என்று தீர்ப்பளித்து அப்பால் நகர்ந்துவிடவும் கூடும். ஆனால் அந்தத் தீர்ப்பு மிக விரைவாக வந்துவிடுகிறது என்றே எனக்குப் படுகிறது. அத்தகைய பொருள்களுள் சிலவற்றை நிதானமாகக் கையில் எடுத்து நோக்கினால், உடைமை, நினைவு, திருப்பிக் கொடுத்தல் ஆகியவை பற்றிய கடினமான கேள்விகள் அவற்றுக்குள் மடிந்து கிடப்பதைக் காணலாம்.

பான் அமெரிக்கன் என்னும் அமெரிக்க விமான நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம். 1927-ஆம் ஆண்டு, புளோரிடாவின் கீ வெஸ்ட் தீவிலிருந்து கியூபாவின் ஹவானாவுக்கு அஞ்சல் மூட்டைகளைச் சுமந்து சென்றதுதான் அதன் தொடக்கம். எட்டே ஆண்டுகளில், 1935 நவம்பரில், அதன் ‘சைனா கிளிப்பர்’ என்ற கடல் விமானம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பசிபிக் பெருங்கடலைத் தீவு தீவாகத் தாண்டி மணிலாவில் அஞ்சலை இறக்கிற்று. பாய்மரக் கப்பல்களின் பெயரான ‘கிளிப்பர்’ என்பதையே தன் விமானங்களுக்கெல்லாம் முன்னொட்டாகச் சூட்டிக்கொண்டது அந்நிறுவனம். 1958-இல் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குப் போயிங் 707 ஜெட் விமானத்தை ஓட்டியது. 1970 ஜனவரியில் ஜம்போ என்று நாம் அழைக்கும் போயிங் 747 விமானத்தை முதன்முதலாகப் பயணிகளுக்காகப் பறக்கவிட்டதும் அதுவே. நீல நிற உலக உருண்டையும் அதன் மேல் வெள்ளைக் கோடுகளும் கொண்ட அதன் சின்னம் உலகெங்கும் அறிமுகமாயிருந்தது. 1991 டிசம்பர் 4-ஆம் நாள் அது நின்றுபோயிற்று.

நின்றுபோன அந்த நாளை நாம் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். அன்று 7,000-க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். ஓய்வூதிய நிதியில் போதிய பணம் இருக்கவில்லை. அரசின் ஓய்வூதியக் காப்புக் கழகம் அப்பொறுப்பை ஏற்க வேண்டியதாயிற்று. பசிபிக் வழித்தடங்கள் முன்பே விற்கப்பட்டிருந்தன. நியூயார்க்கின் நடுவே அந்நிறுவனத்தின் பெயரைத் தாங்கி நின்ற வானளாவிய கட்டடமும் 1981-லேயே கைமாறியிருந்தது. வீட்டுப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக விற்று உலை வைத்த குடும்பத்தின் கதையே அது. கடைசியில் பெயரும் சின்னமுங்கூட விலைக்குப் போயின. இத்தனைக்கும் பிறகுதான், பயணிகளுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்ட தோள்பைக்கு விலை ஏறத் தொடங்கியது.

சேகரிப்பவரின் மகிழ்ச்சியில் உள்ள முதல் முள் இதுவே. அவர் கையில் உள்ள பொருள் அரியதாயிற்று என்றால், இனி அதைப் போல் ஒன்று செய்யப்படாது என்பதால்தான். இனி செய்யப்படாது என்றால், அதைச் செய்தும் சுமந்தும் பரிமாறியும் வாழ்ந்தவர்களின் பிழைப்பு முடிந்துவிட்டது என்பதால்தான். அவர் குற்றம் ஏதும் செய்யவில்லை; நிறுவனத்தை அவர் கொல்லவில்லை. எனினும் பிறருடைய இழப்பு தம் பேழையின் மதிப்பாக மாறியிருக்கிறது என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். சாவு வீட்டில் பண்டம் வாங்கியவனுக்கு அந்த வீட்டாரின் முகம் நினைவில் இருக்க வேண்டும் அல்லவா?

கரண்டிக்கு வருவோம். தோள்பையும் சீட்டுக்கட்டும் கொடுக்கப்பட்டவை. கரண்டியோ பெரும்பாலும் எடுக்கப்பட்டது. உணவுத் தட்டோடு வந்ததைக் கைப்பையில் நழுவவிட்ட பயணி அதைத் திருட்டு என்று ஒருபோதும் எண்ணியிருக்க மாட்டார். ‘நினைவுக்காக’ என்றே சொல்லியிருப்பார். ஐம்பது ஆண்டுகள் கழித்து அவருடைய பேரன் அதை ஒரு சேகரிப்பாளருக்கு விற்கிறான். உரியவருக்குத் திருப்பிக் கொடு என்பது அறநூல்களின் பழைய விதி. ஆனால் இங்கே உரியவர் யார்? நிறுவனம் இல்லை. அதன் கடன்காரர்களின் கணக்கும் முடிந்துவிட்டது. புனித தோமா அக்குவினாஸ் இத்தகைய சிக்கலை ஆராய்ந்தபோது, உரியவர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசுக்குக் கொடுக்க வேண்டும், யாரென்றே அறிய முடியாவிட்டால் அவர் பொருட்டு ஏழைகளுக்கு ஈய வேண்டும் என்று வகுத்தார். ஒரு கரண்டிக்காக இத்தனை வழக்கா என்று வாசக அன்பர் முறுவலிக்கலாம். நானும் முறுவலிக்கிறேன். ஆயினும் இறந்துபோன நிறுவனத்துக்கு வாரிசு என்று யாரையேனும் சொல்ல முடியுமானால், அதன் முன்னாள் ஊழியர்களைத்தான் சொல்ல வேண்டும். அக்கரண்டியைத் துடைத்து அடுக்கி வைத்த கைகள் அவர்களுடையவை. அவர்கள் கண்ணில் படாத பெட்டிக்குள் அதைப் பூட்டி வைப்பதைவிட, அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வந்து காணக்கூடிய ஓரிடத்தில் வைப்பது அந்தப் பழைய விதிக்கு அருகில் வருகிறது. நியூயார்க்கை அடுத்த லாங் தீவில், கார்டன் சிட்டியில் உள்ள வானூர்தி அருங்காட்சியகத்தில் இந்நிறுவனத்துக்கென்றே ஒரு காட்சிப் பகுதி அமைந்திருப்பதை இக்கண்கொண்டு நோக்கலாம்.

காட்டுவது மட்டும் போதுமா? எதைக் காட்டுகிறோம் என்பதும் உண்டு. பழைய விமானப் பணிப்பெண்களின் நீலச் சீருடை, தொப்பி, வெண்ணிறக் கையுறை ஆகியவை சேகரிப்பாளர்களின் கண்மணிகள். அந்தச் சீருடைக்குள் நின்றவர்கள் எடை பார்க்கப்பட்டார்கள் என்பதும், வரம்பு மீறினால் வேலைக்கே இடையூறு நேர்ந்தது என்பதும், ஆண்களுக்கு அந்த வேலையை மறுத்ததற்காக அந்நிறுவனம் வழக்கில் இழுக்கப்பட்டு 1971-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது என்பதும் சீருடையோடு சேர்த்து வைக்கப்படுவது குறைவு. அழகை மட்டும் பகிர்வது பாதி உண்மையைப் பகிர்வதாகும். 1970-இல் நியூயார்க்கிலிருந்து இலண்டனுக்குச் சென்ற அந்த முதல் ஜம்போ பயணத்தின் நினைவுப் பொருள்களையும் பலர் போற்றுகின்றனர். அன்று புறப்பட வேண்டிய விமானம் பழுதாகிவிட, அதற்கு மாற்றாக அனுப்பப்பட்டது ‘கிளிப்பர் விக்டர்’ என்ற விமானம். ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1977 மார்ச் 27-ஆம் நாள், டெனரீஃப் தீவின் ஓடுபாதையில் டச்சு விமானம் ஒன்றுடன் மோதி எரிந்ததும் அதே விமானமே. இரு விமானங்களிலும் சேர்த்து 583 பேர் மாண்டனர். தொடக்க விழாவின் மகிழ்ச்சியையும் அந்த முடிவையும் தனித்தனி அலமாரிகளில் வைப்பது சேகரிப்பாளருக்கு வசதியாக இருக்கலாம். விமானம் ஒன்றுதான்.

நம் நாட்டோடு இந்நிறுவனத்தைப் பிணைக்கும் நினைவு ஒன்று உண்டு. 1986 செப்டம்பர் 5-ஆம் நாள், பம்பாயிலிருந்து புறப்பட்டுக் கராச்சியில் நின்ற அதன் 73-ஆம் எண் விமானத்தைத் துப்பாக்கி ஏந்திய நால்வர் கைப்பற்றினர். பயணிகளின் கடவுச்சீட்டுகளைத் திரட்டித் தருமாறு ஆணையிட்டனர். அமெரிக்கர்களைப் பிரித்தெடுப்பதே அவர்கள் நோக்கம் என்பதை உணர்ந்த பணிப்பெண்கள் அமெரிக்கக் கடவுச்சீட்டுகளை மட்டும் மறைத்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய நீரஜா பானோட், ஏறத்தாழ 17 மணி நேரத்துக்குப் பின் துப்பாக்கிச் சூடு தொடங்கியபோது அவசர வழியைத் திறந்து பயணிகளை வெளியேற்றிக்கொண்டிருக்கையிலேயே சுடப்பட்டு உயிர் துறந்தார். அவருடைய 23-ஆம் பிறந்த நாளுக்கு இரண்டே நாள் இருந்தது. இந்திய அரசு அவருக்கு அசோக சக்கர விருது வழங்கிற்று. 2004-இல் அவர் உருவம் தாங்கிய அஞ்சல் தலையும் வெளியாயிற்று. அந்த அஞ்சல் தலையையும் சேகரிப்பவர்கள் உண்டு. அதைக் குறை கூற எவருக்கும் மனம் வராது. ஆனால் என் சிந்தனை அந்தக் கடவுச்சீட்டுகளிடமே திரும்பத் திரும்பச் செல்கிறது. இருக்கைக்கு அடியில் செருகப்பட்ட ஒரு சிறு ஏடு, அன்று ஒருவரின் உயிராக இருந்தது. எடுத்து வைத்தலின் மிக உயர்ந்த வடிவத்தை நான் தேடினால், பிறர் பொருளைப் பிறர் பொருட்டே மறைத்து வைத்த அந்தச் செயலைத்தான் சொல்வேன்.

அதற்கு இணையான இன்னொன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி என்னும் சிற்றூரில் நடந்தது. 1988 டிசம்பர் 21-ஆம் நாள் இரவு, அந்நிறுவனத்தின் 103-ஆம் எண் விமானம் குண்டு வெடித்து வானில் சிதறி அவ்வூரின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 259 பேரும் ஊரில் 11 பேரும் மாண்டனர். பயணிகளின் ஆடைகளும் பைகளும் பல மைல் தொலைவுக்கு வயல்களிலும் காடுகளிலும் சிதறிக் கிடந்தன. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்களின் உடைமைகள் அவை. புலனாய்வுக்குத் தேவையற்றவை என்று விடப்பட்ட ஆடைகளை அவ்வூர்ப் பெண்கள் ஏற்றுக்கொண்டனர். எரிபொருள் நாற்றமும் சேறும் படிந்த அவற்றைத் துவைத்து, உலர்த்தி, பெட்டி போட்டு மடித்து, இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அனுப்பிவைத்தனர். தாங்கள் முன்பின் கண்டிராத பிள்ளைகளின் சட்டைகளைத் தம் பிள்ளைகளின் சட்டைகளைப் போலத் துவைத்த அப்பெண்கள் அவற்றுள் எதையும் ‘நினைவுக்காக’ வைத்துக்கொள்ள எண்ணவில்லை. நினைவு யாருக்கு உரியது என்பது அவர்களுக்குத் தெளிவாக இருந்தது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விபத்தில் தப்பிய பொருள்களுக்கும் விலை கூறும் சந்தை உலகில் இருக்கிறது. விழுந்த விமானங்களிலிருந்து மீட்கப்பட்ட கடிதங்களைச் சேகரிப்பது அஞ்சல் தலைக் கலையில் தனிப் பிரிவாகவே வளர்ந்துள்ளது. அக்கடிதங்களில் பல, உரியவரிடம் சேர்ந்து, பின்னர் அவர் விருப்பத்தோடு கைமாறியவை. அதில் தவறு காண்பதற்கில்லை. ஆனால் இடிபாட்டிலிருந்து பொறுக்கியதை, கேட்பாரற்றது என்பதற்காகவே தமதாக்கிக்கொள்வது வேறு. நம் திருச்சபை புனிதர்களின் திருப்பண்டங்களைப் போற்றச் சொல்கிறது. அதே மூச்சில் அவற்றை விற்பதை 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் முற்றிலும் தடை செய்கிறது. சில பொருள்களில் ஒரு மனிதர் இன்னும் இருக்கிறார் என்பதாலேயே அவற்றுக்கு விலை கூறலாகாது என்னும் உணர்வு அச்சட்டத்தின் அடியில் இருப்பதாக நான் கருதுகிறேன். ஒரு சீட்டுக்கட்டு அத்தகையது அன்று. இறந்த மாணவியின் கம்பளிச் சட்டை அத்தகையதே.

எனில் துயரத்தின் பொருள்களை எவரும் காணலாகாதா? காணலாம், வழியும் உண்டு. லாக்கர்பியில் மடிந்தவர்களுள் 35 பேர் நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் வழியாக அயல்நாட்டில் பயின்று திரும்பிய மாணவர்கள். அப்பல்கலைக்கழகம் அந்நிகழ்வுக்கென ஓர் ஆவணக் காப்பகம் அமைத்தபோது, குடும்பத்தினர் பலர் தம் பிள்ளைகளின் கடிதங்களையும் நிழற்படங்களையும் தாமே முன்வந்து ஒப்படைத்தனர். முதலில் உரியவரிடம் சேர்ந்தது. பின்னர் உரியவர் கையால் ஊருக்குக் கிடைத்தது. வரிசை மாறியிருந்தால் செயலும் மாறியிருக்கும்.

நிறுவனத்தின் அலுவலக ஆவணங்கள் இன்று மயாமிப் பல்கலைக்கழக நூலகத்தில் நூற்றுக்கணக்கான பெட்டிகளில் உள்ளன. கால அட்டவணை, விளம்பரம், உள்சுற்றறிக்கை, நிழற்படம் என ஆய்வாளர் எவரும் கேட்டுப் பார்க்கலாம். தனி மனிதரின் பேழைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பார்க்கிறேன். தனிச் சேகரிப்பு பெரும்பாலும் ஒரு தலைமுறைதான் வாழ்கிறது. சேகரித்தவர் கண் மூடியதும், எந்தப் பை எங்கிருந்து வந்தது, எந்தத் தொப்பியை அணிந்தவர் யார் என்பதைச் சொல்லும் நாவும் அடங்கிவிடுகிறது. பிள்ளைகளுக்கு அது பழைய சாமான். ஆகவே பகிர்தல் என்பது பெருந்தன்மை மட்டுமன்று. பொருளோடு அதன் வரலாற்றையும் சேர்த்துக் காப்பதற்கு வேறு வழியில்லாத தேவையும்கூட. ஒரு துண்டுத் தாளில் நான்கு வரி எழுதிப் பொருளோடு கட்டி வைப்பவர், விலை உயர்ந்த பேழை செய்பவரைவிட அதிகம் செய்கிறார்.

அந்நிறுவனம் வெளியிட்ட பொருள்களுள் என் மனத்தை விட்டு அகலாதது ஒரு சிறு அட்டை. 1968 முதல் 1971 வரை, நிலவுக்குச் செல்லும் முதல் பயணத்துக்கு முன்பதிவு என்று சொல்லி, விரும்பிக் கேட்டவர்களுக்கெல்லாம் வரிசை எண்ணிட்ட உறுப்பினர் அட்டையைக் கட்டணமின்றி அது வழங்கிற்று. 93,000 பேருக்கு மேல் பெயர் கொடுத்தனர். வெறும் விளம்பரம் என்பர் சிலர், விளம்பரந்தான். ஆனால் அப்பல்லோ விண்கலத்திலிருந்து பூமியைப் பார்த்த அந்த நாள்களில், பள்ளிச் சிறுவனும் முதியவரும் உண்மையாகவே காத்திருக்க விரும்பினர். வாக்களித்த நிறுவனம் இன்று இல்லை. காத்திருந்தோரில் பலரும் இல்லை. அந்த அட்டையைத் திருப்பிக் கொடுக்க ஆளில்லை, அதைக் காட்டி ஏறுவதற்கு விமானமும் இல்லை. யாரோ ஒருவரின் பெயர் அதில் எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கையில் வைத்திருப்பவர் பெயரை மறைக்காமல் பிறருக்குக் காட்டுகிறார். பார்க்க வந்தவர் முதலில் கேட்பது, வரிசையில் இவருக்கு எத்தனையாவது இடம் என்பதைத்தான்.