ஓட்டிப் பார்ப்பவர் யார்?

வாழ்வின் அறக் கேள்விகள் பெரிய வேளைகளில்தாம் நம்மைத் தேடி வரும் என்று எண்ணியிருக்கிறோம். பிறப்பு, திருமணம், நோய், இறப்பு ஆகிய வாயில்களில் அவை நின்று நம்மை வினவும் என்பது நம் எதிர்பார்ப்பு. ஆனால் அளவான வருவாயுள்ள ஒரு குடும்பம் தன் முதல் காரை வாங்கப் புறப்படும் நாளிலும் அவை வந்து நிற்கின்றன. விலைப்பட்டியலுக்கும் மாதத் தவணைக் கணக்குக்கும் நடுவே அவற்றின் குரல் மெலிதாக ஒலிப்பதால், அவற்றைக் கேள்விகள் என்றே நாம் கண்டுகொள்வதில்லை.

நம் வீட்டிலும் அண்மையில் அத்தகைய நாள் ஒன்று வந்தது. முதிய தாயாருக்குப் பேருந்தின் படி எட்டாமற் போயிற்று. ஞாயிறு திருப்பலிக்கும், மாதந்தோறும் மருத்துவமனைக்கும் செல்ல, ஆட்டோவை எதிர்பார்த்துத் தெருமுனையில் நிற்பது வழக்கமாயிற்று. சிறிய கார் ஒன்று வாங்கலாம் என்று முடிவு செய்தோம். எந்தக் கார், என்ன விலை, எவ்வளவு கடன் என்று விசாரிக்கத் தொடங்கியபோது, இவற்றுக்கெல்லாம் அடியில் வேறொரு கேள்வி கிடப்பது தெரிந்தது. நமக்கு எவ்வளவு போதும்?

சிறிய கார் எது என்பதற்கு நம் நாட்டு வரிச் சட்டத்திடம் தெளிவான விடை உண்டு. நீளம் நான்கு மீட்டருக்கு மிகாமலும், பெட்ரோல் வண்டியாயின் இயந்திரக் கொள்ளளவு 1200 கன சென்டிமீட்டருக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். மனச்சான்றின் கையில் இத்தகைய அளவுகோல் எதுவும் இல்லை. ‘போதும்’ என்பதன் அளவை ஒவ்வொரு குடும்பமும் தானே தேடிக் கண்டடைய வேண்டியிருக்கிறது.

அவ்வாறு தேடியவர்களின் வரலாறு சுவையானது. 1930களில் பிரான்சு நாட்டின் சிட்ரோயன் நிறுவனத்தில் தலைமைப் பொறுப்பில் இருந்த பியேர் பூலாஞ்சே, நாட்டுப்புற உழவர்களுக்கென ஒரு கார் வேண்டும் என்று தம் பொறியாளர்களைப் பணித்தார். ஐம்பது கிலோ உருளைக்கிழங்கை ஏற்றிச் செல்ல வேண்டும். உழுத வயலின் குறுக்கே ஓட்டினாலும் கூடையிலுள்ள முட்டை ஒன்றுகூட உடையக் கூடாது. இவை அவர் விதித்த நிபந்தனைகளுள் சில. போருக்குப் பின் 1948இல் பாரிசுக் கண்காட்சியில் அந்த வண்டி வெளிவந்தபோது அதன் தோற்றத்தைக் கண்டு சிரித்தவர் பலர். எனினும் 1990 வரை அது உற்பத்தியாகிக்கொண்டிருந்தது. சிரித்தவர்கள் வண்டியின் அழகைப் பார்த்தார்கள். அதை உருவாக்கியவரோ சந்தைக்கு முட்டை கொண்டுசெல்லும் எளியவரின் கூடையைப் பார்த்தார்.

நம் நாட்டில் 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது. மூன்று சிலிண்டர்களும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் கொண்ட சிறிய இயந்திரம் அதனுடையது. ஸ்கூட்டரில் நெருக்கியடித்துச் சென்ற எத்தனையோ குடும்பங்களுக்கு அது முதற்காராயிற்று. 2014 சனவரியில் அதன் உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே, 2008 சனவரியில், ஒரு இலட்சம் ரூபாய் விலை என்ற அறிவிப்போடு டாட்டா நானோ அறிமுகமாயிற்று. மழையில் நனைந்தபடி ஸ்கூட்டரில் சென்ற ஒரு குடும்பத்தைக் கண்டதே அதற்குத் தூண்டுதல் என்று இரத்தன் டாட்டா கூறியதுண்டு. ஆயினும் எதிர்பார்த்த வரவேற்பு அதற்குக் கிட்டவில்லை. 2018ஆம் ஆண்டோடு உற்பத்தி ஓய்ந்தது. காரணங்கள் பல. ‘மிக மலிவான கார்’ என்று அதன்மேல் விழுந்த முத்திரை அவற்றுள் ஒன்று. அந்த முத்திரை குறித்து அவரே பின்னாளில் வருந்தினார். நம் தேவை அந்தக் காரை வேண்டி நின்றது. நம் பெருமையோ அதனைத் தெருவில் நிறுத்த நாணியது. நானோவின் கதையில் நம் எல்லோருக்கும் பங்கு உண்டு.

ஆக, கார் வாங்குபவருக்கு வரும் முதற் சோதனை கணக்குப் பற்றியது. கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து, அதை முடிக்கத் தம்மிடம் பொருள் உண்டா என்று கணக்கிட வேண்டும் என்பதை லூக்கா நற்செய்தியில் இயேசு நினைவூட்டுகிறார். வரவு சிறிதாயினும், செலவு அதனை மீறி விரியாவிட்டால் கேடில்லை என்பது வள்ளுவரின் எண்ணம். உட்கார்ந்து கணக்கிடும் அந்த அமைதியைத்தான் விற்பனைக்கூடம் நமக்கு எளிதில் தருவதில்லை. சுவரில் எழுதிய விலை ஒன்று. சாலை வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்ந்து வண்டி தெருவுக்கு வரும் விலை வேறொன்று. அதன்பின் எரிபொருள், பழுதுநீக்கம், டயர் என்று செலவுகள் வரிசையில் நிற்கின்றன.

“இன்னும் ஐம்பதாயிரம் போட்டால் மேல்வகை வண்டி கிடைக்கும் சார். தவணையில் மாதம் எண்ணூறு ரூபாய்தான் கூடும்” என்றார் விற்பனையாளர். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஒன்பது விழுக்காட்டு வட்டியில் ஏழாண்டுக் கடன் என்றால் மாதம் ஏறத்தாழ எண்ணூறு ரூபாய்தான். ஏழாண்டு முடிவில் அது அறுபத்தேழாயிரத்தைத் தாண்டிவிடும் என்பது சொல்லப்படாத பகுதி. அதைவிட முக்கியமாகச் சொல்லப்படாதது, அந்த எண்ணூறு ரூபாய் எங்கிருந்து எடுக்கப்படும் என்பது. பிள்ளையின் படிப்பிலிருந்தா? கைம்பெண்ணான அத்தைக்கு மாதந்தோறும் அனுப்பும் தொகையிலிருந்தா? கோயில் உண்டியலிலிருந்தா? தவணைப் படிவத்தில் இவர்களுடைய கையொப்பத்துக்கு இடமில்லை. ஆயினும் தவணையின் ஒரு பங்கை அவர்களும் கட்டுகிறார்கள்.

2013 சூலையில் குருமாணவர்களையும் துறவற நவசந்நியாசிகளையும் உரோமையில் சந்தித்த திருத்தந்தை பிரான்சிஸ், புத்தம்புதிய ஆடம்பரக் கார்களில் செல்லும் குருக்களையும் கன்னியரையும் காணும்போது தம் உள்ளம் வருந்துவதாகக் கூறினார். பணிக்குக் கார் தேவை என்பதை ஒப்புக்கொண்டே, எளிய வண்டியைத் தேர்ந்துகொள்ளுங்கள், பசியால் மடியும் குழந்தைகளை நினைத்துப் பாருங்கள் என்றார். அவ்வாண்டு செப்டம்பரில் வெரோனா நகரத்துக் குரு ஒருவர், மூன்று இலட்சம் கிலோமீட்டர் ஓடிய தம் பழைய ரெனோ 4 காரைத் திருத்தந்தைக்கு அன்பளிப்பாக வழங்கினார். அதனைப் பெற்றுக்கொண்ட திருத்தந்தை தாமே அதை ஓட்டவும் செய்தார்.

ஆனால் எளிமை வேறு, மலிவு வேறு. 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நம் நாட்டில் விற்பனையான சிறிய கார்கள் ஐந்தினை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பின்மீது மோதவிட்டு ஒரு பன்னாட்டு அமைப்பு சோதித்தது. ஏர்பேக் இல்லாத அவ்வண்டிகள் அனைத்தும், உள்ளிருக்கும் பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. 2019 சூலை முதல் ஓட்டுநருக்கும், 2021 முதல் முன்னிருக்கையில் அமர்பவருக்கும் ஏர்பேக் நம் நாட்டில் கட்டாயமாயிற்று. அதுவரை, ஏழைக்கு ஏற்ற விலை என்னும் சொல்லுக்குள் ஏழைக்கு ஏற்ற உயிர் மதிப்பு என்னும் கொடுமையும் ஒளிந்திருந்தது. எனவே எளிமை என்பது எதனைத் துறக்கலாம், எதனைத் துறக்கலாகாது என்று பிரித்தறியும் விவேகம். மின்னும் சக்கரம், கூரைச் சாளரம், பெரிய திரை ஆகியவற்றைத் துறக்கலாம். பிரேக், சீட் பெல்ட், ஏர்பேக் ஆகியவற்றில் கை வைத்துச் சேமிக்கும் பணம் நாம் சேமித்த பணம் ஆகாது.

இரண்டாம் சோதனை உண்மை பற்றியது. ஓட்டிப் பார்க்கக் கொடுக்கப்படும் பத்து நிமிடத்தில் வண்டியைக் காட்டிலும் அதன் ஒப்பனையே நமக்குக் காட்டப்படுகிறது. வழவழப்பான சாலை, குளிர்ந்த காற்று, இனிய இசை, விற்பனையாளரின் இடைவிடாப் பேச்சு. நாம் இசையை நிறுத்தச் சொன்னோம். குளிர்சாதனத்தை ஒரு முறை நிறுத்தியும் மறுமுறை இயக்கியும் பார்த்தோம். வீட்டார் அனைவரையும் ஏற்றிக்கொண்டு மேம்பாலத்தில் ஏறினோம். வேகத்தடையில் அடிப்பாகம் உரசுகிறதா, சந்தில் ஒரே வெட்டில் திரும்புகிறதா, பின்னோக்கி எடுக்கும்போது கண்ணுக்கு மறையும் இடம் எவ்வளவு என்று கவனித்தோம். தாயாரைப் பின்னிருக்கையில் ஏறி இறங்கச் சொன்னோம். ஒரு வண்டியில் அவர் தலையைக் குனிந்து, முழங்காலை மடக்கி, இருக்கைக்குள் விழ வேண்டியிருந்தது. வேறொன்றில் நாற்காலியில் அமர்வதுபோல் அமர்ந்தார். விளம்பரத் தாளில் எங்கும் இல்லாத அந்தச் செய்தியே நம் தேர்வில் பாதியை முடித்துவிட்டது.

விற்பவர் முழு உண்மையையும் சொல்லவில்லையே என்ற குறை நம் மனத்தில் இருந்தது. அந்நிலையில், நம் பழைய ஸ்கூட்டரை வாங்கிக்கொள்ள இளைஞர் ஒருவர் வந்தார். இயந்திரத்திலிருந்து எண்ணெய் கசிவது நமக்குத் தெரியும். நின்ற இடத்தில் பார்ப்பவருக்குத் தெரியாது. ஓர் இரவு முழுவதும் தயங்கினோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறார். குதிரைக்கு ஒரு கண் இல்லை என்பது எவருக்கும் தெரியும் குறை. விலையில் அதற்குரிய தொகையைக் குறைத்துக்கொண்டால் வாய்திறந்து சொல்ல வேண்டிய கடமை விற்பவருக்கு இல்லை. மறைந்து கிடந்து, வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ விளைவிக்கும் குறையைச் சொல்லாது விடுவது அநீதி. ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் குதிரைச் சந்தைக்குச் சொன்னது நம் வாசலில் நின்ற ஸ்கூட்டருக்கும் அப்படியே பொருந்திற்று. மறுநாள் கசிவைச் சொன்னோம். இளைஞர் இரண்டாயிரம் ரூபாய் குறைத்துக் கொடுத்தார். அந்த இரண்டாயிரத்தை நினைத்துச் சிறிது நேரம் வருந்தவும் செய்தோம். உண்மை பேசியதும் உள்ளம் உடனே இனித்துவிடும் என்று எவரும் உறுதி கூறவில்லை.

மூன்றாம் சோதனையை நாம் எதிர்பார்க்கவே இல்லை. இரண்டாவது வண்டியை ஓட்டிப் பார்த்த நாளன்று கடைவீதி வழியாகத் திரும்பினோம். தலையில் பூக்கூடையுடன் ஒரு மூதாட்டி சாலையைக் கடக்க முயன்று, நடுவில் தயங்கி நின்றார். நம் கை தானாக ஹாரனுக்குச் சென்றது. ஒரு முறை அன்று, மூன்று முறை ஒலித்தோம். “பார்த்து வரமாட்டார்களா?” என்ற சொல்லும் நம் வாயிலிருந்து வந்தது. பின்னிருக்கையிலிருந்து தாயார் மெல்லச் சொன்னார்: “நேத்து வரைக்கும் நாமளும் அந்த ஓரத்துலதானப்பா நின்னோம்.”

வண்டியில் ஏறிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வண்டி இன்னும் நமக்குச் சொந்தமாகவும் இல்லை. அதற்குள் சாலை நம்முடையது என்றும், நடப்பவர் இடையூறு என்றும் எண்ணத் தொடங்கிவிட்டோம். நாம் வண்டியை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் வண்டியும் நம்மை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் சோதனையில் நாம் தேறவில்லை.

இது நம் ஒருவரது குறையன்று என்பதற்குச் சான்று உண்டு. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர் என்கிறது ஒன்றிய அரசின் அறிக்கை. அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். 74,897 பேர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். நாம் வண்டிக்குள் இருப்போரின் பாதுகாப்பை நட்சத்திரங்களால் எண்ணுகிறோம். சாலையிலோ வண்டிக்கு வெளியே இருப்போரே மிகுதியாக மடிகிறார்கள். 2007 சூனில் வத்திக்கான், சாலைப் பயணம் பற்றிய மேய்ப்புப்பணி வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டது. ஓட்டுநருக்கான பத்துக் கட்டளைகள் அதில் இடம்பெற்றபோது புன்னகைத்தவர் உண்டு. கார் என்பது அதிகாரத்தையும் ஆதிக்கத்தையும் காட்டும் கருவியாகிவிடக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. பூக்கூடை மூதாட்டியின் முன் மூன்று முறை ஹாரன் ஒலித்தவர்களுக்கு அதில் புன்னகைக்க ஒன்றுமில்லை.

நல்ல சமாரியர் உவமையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அதில் ஒரு வண்டியும் உண்டு என்பதை இம்முறைதான் கவனித்தோம். காயமுற்றவரின் காயங்களைக் கட்டியபின், சமாரியர் அவரைத் தம் சொந்த விலங்கின்மீது ஏற்றிச் சாவடிக்குக் கொண்டுபோனார். வழிநெடுக அவர் நடந்தே சென்றிருக்க வேண்டும். தம்மைச் சுமக்க வாங்கிய விலங்கின் முதுகை வழியில் கிடந்தவருக்கு விட்டுக்கொடுத்தார். அந்த விலங்கு எவ்வகையினது, என்ன விலை பெறும் என்பதை நற்செய்தி குறிக்கவில்லை. யார் அதன்மேல் ஏற்றப்பட்டார் என்பது மட்டும் எழுதப்பட்டிருக்கிறது.

நாம் முடிவில் வாங்கிய கார் சிறியது, மேல்வகையும் அன்று. தாயார் அதில் நாற்காலியில் அமர்வதுபோல் அமர்கிறார். திருப்பலிக்குச் செல்லும்போது பின்னிருக்கையில் இன்னும் இருவருக்கு இடம் இருக்கிறது. தெருமுனையில் ஆட்டோவுக்காக நிற்கும் முதியவர் ஒருவரை ஏற்றிக்கொள்கிறோம். சில ஞாயிறுகளில் நேரமாகிவிட்டது என்று ஏற்றாமலும் போகிறோம். ஓட்டிப் பார்த்தல் விற்பனைக்கூடத்தில் முடிந்துவிட்டது என்றே நினைத்திருந்தோம். வண்டியை எடுக்கும் ஒவ்வொரு நாளும் அது தொடர்கிறது.