வைத்த பொருளை மறத்தல்

திறவுகோலை ஓரிடத்து வைத்துப் பிறிதோரிடத்துத் தேடாதார் உலகில் அரியர். மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டே அதனை இல்லமெங்கும் துருவித் தேடும் முதியோரைக் கண்டு நகாத சிறுவரும் அரியர். இக்காலத்துக் கைப்பேசி என்னுங் கருவி, பிறிதொரு பேசியினின்று அழைத்த அளவில், தலையணைக்கீழிருந்து குரல் கொடுத்துத் தன் இருப்பிடத்தை அறிவித்துவிடுகின்றது. கண்ணாடிக்கும் குடைக்கும் திறவுகோற்கும் அவ்வாய் இல்லை. ஆதலின் அவற்றைத் தேடுங்கால் இல்லத்திற் பிறக்குங் கலாம் பெரிது. 'எங்கே வைத்தோம்?' என்னும் வினாவிற்கு முன்னரே, 'யார் எடுத்தீர்?' என்னும் வினா நாவில் வந்து நிற்றலை அன்பர்கள் தத்தம் இல்லங்களிற் கண்டிருப்பர். இஃது எளியதொரு நிகழ்ச்சியே. ஆயினும், உயிரின் இயல்பும் கரணங்களின் தொழிலும் மலத்தின் வலியும் இதன்கண் ஒருங்கே புலனாதலானும், இதனால் யாம் செய்த பிழையொன்று இன்னும் எம் நெஞ்சை உறுத்துதலானும், இதனை ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

எம் ஆசிரியர் தம் இறுதிக்காலத்து எமக்கு அளித்த வெள்ளி நீற்றுச் சம்புடம் ஒன்று எம்மிடத்து உண்டு. பல்லாண்டுகளாக அது பூசை மாடத்தின் வலப்பக்கத்தே இருந்துவருவது. சில ஆண்டுகட்கு முன் மார்கழித் திருவாதிரைக்குத் தில்லை சென்று மீண்ட மறுநாட் காலை, நீராடி வந்து மாடத்திற் கைவைத்தபோது சம்புடம் அங்கில்லை. அக்காலத்து எம்மிடம் நன்னூற் பாடங் கேட்க நாடோறும் வந்த மாணாக்கன் ஒருவன் உளன். வறிய குடியிற் பிறந்தவன். இல்லத்தாரும் வேற்றூர் சென்றிருந்தமையின், மாடத்திற்கு விளக்கிடும் பணியை அவனிடமே ஒப்புவித்துச் சென்றிருந்தோம். அன்பர் இருவர் உடனிருந்தபொழுது அவனை அழைத்து, 'தம்பி, மாடத்திலிருந்த சம்புடத்தை எடுத்தாயா?' என்றோம். சொல் கடிதன்று, குரல் கடிது. 'இல்லை, ஐயா' என்றான். 'நன்றாக நினைத்துப் பார்' என்றோம். நினைத்துப் பார்க்கவேண்டியவர் யாமே என்பது அப்பொழுது தோன்றவில்லை. அவன் ஒன்றுஞ் சொல்லாது நின்று, பின் தன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போயினான். மறுநாள் தொட்டு வந்திலன். அவன் வாராமையையே குற்றத்திற்குச் சான்றாகக் கொண்டோம்.

பத்தொன்பது நாட்கள் கழிந்தன. சிவஞான முனிவர் செய்த சிற்றுரையின் பழம்பதிப்பு ஒன்றை எடுத்தற்பொருட்டு நூற்பேழையின் மேற்றட்டிற் கைந்நீட்டியபோது, வசம்புத் துண்டு இட்டுவைத்த சுவடிக்கட்டின் பின்னே ஏதோ தட்டுப்பட்டது. எம் மேற்றுண்டில் முடிந்தபடி சம்புடம் இருந்தது. முடிச்சும் எம் முடிச்சே. இல்லத்தில் ஆளில்லாத நாட்களாயிற்றே, பத்திரமாக இருக்கட்டும் என்று யாமே அங்கு வைத்தோம் என்பது முடிச்சைக் கண்டபின்னரே நினைவிற்கு வந்தது. கண்டபொழுதில் முதலில் உண்டாயது மகிழ்ச்சியே; அது நாணமாக மாறுதற்குச் சிறிது நேரம் சென்றது. அச்சிறிது நேரத்தையும் மறைக்காது ஈண்டுக் கூறினோம்.

இதன்கண் பெரிதும் வியத்தற்குரியது யாதெனின், யாம் மறந்தமை அன்று. மறந்தோம் என்பதையும் அறியாது, மாடத்தில் வைத்ததாக ஒரு நினைவை உடையேமாய் இருந்தமையே. அந்நினைவு மங்கலாக இல்லை. விளக்கொளியில் எம் கை அதனை மாடத்தில் வைத்தல் கண்ணெதிரே கண்டாற்போல இருந்தது. யாம் ஆணையிடவும் ஒருப்பட்டிருப்போம். பின்னர் ஆராய்ந்து பார்த்தவழி, அது புறப்பட்ட நாளின் காட்சி அன்று என்பதும், முன்னைப் பல்லாயிரம் நாட்களில் வைத்த பழக்கம் ஒரு நாளின் நினைவாக வேடம் புனைந்து வந்தது என்பதும் புலனாயின. இல்லாததொன்றால் உள்ளதன் இடத்தை நிரப்பிக்கொண்டு, அந்நிரப்பினைச் சான்றாகக் காட்டுதல் நெஞ்சின் தொழிலாயிருக்கின்றது.

அகக்கருவிகள் நான்கின் தொழிலை இவ்விடத்திற் பொருத்திக் காண்டல் நன்று. சித்தம் சிந்திப்பது, மனம் பற்றியும் ஐயுற்றும் நிற்பது, அகங்காரம் ஒருப்பட்டு எழுவது, புத்தி துணிவது. பொருள் காணாதபோது முறைப்படி நிகழற்பாலது, மனம் ஐயுறுதலும், சித்தம் பலகாலுஞ் சிந்தித்தலும், இறுதிக்கண் புத்தி துணிதலுமாம். எம்பால் நிகழ்ந்ததோ வேறு. 'யாமோ மறப்பவர்' என்று அகங்காரம் முன்னெழுந்தது. புத்தி அதன் பின்னே சென்று துணிந்தது. மனத்தின் ஐயம் முழுதும் அச்சிறுவன்மேற் செலுத்தப்பட்டது. மெய்கண்ட தேவர் சிவஞான போதத்து நான்காஞ் சூத்திரத்தில் உயிரை அரசனாகவும் அகக்கருவிகளை அமைச்சராகவும் உவமித்தனர். அமைச்சருள் ஒருவன் முந்திக்கொண்டு பேச, அரசன் ஆராயாது முத்திரையிட்ட கதையாயிற்று எம் கதை.

அந்நூலின் மூன்றாஞ் சூத்திரத்து உயிர் உண்மைக்குக் கூறப்பட்ட ஏதுக்களுள் இறுதியது, உயிர் பிறரால் அறிவிக்கப்பட்டே அறியும் என்பது. உடலும் பொறியும் உயிரல்ல என நிறுவியபின், அவ்வுயிர் தானே அனைத்தையும் அறியும் முதல்வனும் அன்று என்பதை இவ்வேது நிறுவுகின்றது. மாணவப் பருவத்தில் இதனை உருப்போட்டோம். பின் எத்துணையோ பேருக்குப் பாடஞ் சொன்னோம். ஆயினும், எம் கையால் முடிந்த முடிச்சை எமக்கு அறிவிக்க ஒரு பழைய துண்டு வேண்டியிருந்தது என்ற அன்றே அதன் பொருள் எமக்கு ஓரளவு விளங்கிற்று. உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் இருள்மல நிலை கூறுமிடத்து, புறவிருள் பிற பொருள்களை மறைத்துத் தன்னையேனுங் காட்டும் என்றும், ஆணவ இருளோ தன்னையும் காட்டாது என்றும் வேறுபாடு காட்டினர். மறந்தவன், தான் மறந்தமை அறிந்தானாயின், அது புறவிருள் போல்வது. அவன் தடவித் தேடுவான். மறந்தமையே அறியாதானோ தேடுதலுஞ் செய்யான். பிறர்மேற் பழி சாற்றுவான்.

மேனாட்டு உளநூலாரும் இதனை வேறு வழியால் ஆராய்ந்துளர். செருமானியராகிய எபிங்ஹௌஸ் என்பார் பொருளற்ற அசைகளைத் தாமே உருப்போட்டுத் தம்மையே சோதித்து, மறதி தொடக்கத்தில் விரைந்தும் பின்னர் மெல்லவும் நிகழ்வதெனக் கண்டு, 1885-ஆம் ஆண்டு நூல் வெளியிட்டனர். 1974-இல் அமெரிக்க நாட்டு அம்மையார் எலிசபெத் லாப்டஸ் என்பாரும் பாமர் என்பாரும் வெளியிட்ட ஆராய்ச்சி எம் கதைக்கு இன்னும் அணித்து. மோட்டார் வண்டிகள் மோதும் படத்தைக் காட்டி, மோதலைக் குறிக்கும் வினைச்சொல்லை மட்டும் மாற்றி வண்டிகளின் வேகத்தை வினவினர். கடுஞ்சொல்லால் வினவப்பட்டார் மிக்க வேகங் கூறினர். ஒரு வாரம் கழித்து வினவியபொழுது, அவருட் பலர் படத்தில் இல்லாத கண்ணாடிச் சில்லுகளையும் கண்டதாகக் கூறினர். வினாவின் கடுமை நினைவையே திரிக்கும் என்பது இதனாற் பெறப்படும். யாம் அச்சிறுவனை 'நன்றாக நினைத்துப் பார்' என்று பின்னும் இரண்டு நாள் வருத்தியிருப்பின், அவனும் எடுத்ததாகவே நினைந்துவிட்டிருத்தல் கூடும். அவன் வாராதிருந்தமை எம்மை அத்தீவினையினின்று காத்தது.

இனி ஒரு தடை. மறவி மலத்தின் காரியமாயின், அதனால் வரும் பிழை உயிரைச் சாருமாறு எங்ஙனம்? கண்ணிலான் இடறினால் அவனை ஒறுப்பார் உண்டோ எனின், கூறுதும். இடறியது குற்றமன்று, இடறியபின், 'இக்கல்லை என் வழியில் இட்டவன் இவனே' என்று அருகு நின்றானைப் பற்றுதலே குற்றம். சம்புடத்தை வைத்த இடம் மறந்தமையை எவரும் எமக்கு வினையாக எண்ணார். ஐயத்தை வறியவன்மேல் வைத்தமையோ எம் இச்சையால் நிகழ்ந்தது. அன்பர் இருவரும் மாடத்தின் அருகே இருந்தனர், அவரை வினவினோமில்லை. வினவத் தோன்றவும் இல்லை. செல்வரை ஐயுறாது சிறுவனை ஐயுற்ற இந்த வேற்றுமையை மறவியின்மேல் ஏற்றித் தப்ப இயலாது.

இல்லத்து வைத்த பொருள் காணாமற்போன வரலாறு பெரிய புராணத்தும் உண்டு. பழையாறை வணிகராகிய அமர்நீதியார் திருநல்லூர் மடத்தில், மறைச்சிறுவராய் வந்தவர் காத்துத்தரும்படி கொடுத்த கோவணத்தைப் பேணி வைத்தனர். அவர் நீராடி மீண்டு கேட்டபோது அது வைத்த இடத்தில் இல்லை. அதனை மறைத்தவன் இறைவனே. நாயனார்பால் மறவியும் இல்லை. ஆயினும் அவர் பணியாளரை நோக்கி எடுத்தவர் யாரென்று சினந்ததாகச் சேக்கிழார் பெருமான் யாண்டும் கூறிற்றிலர். காணாமற்போனமையைத் தம் பிழையாகவே ஏற்று, துலையில் ஆடையும் பொன்னும் இட்டு, அவை நிறை நில்லாதவழி மனைவியார் புதல்வரோடு தாமும் ஏறினர். இச்சருக்கத்தைப் பலமுறை பிரசங்கித்துளோம்; துலைத்தட்டு நிறுத்த அன்பையே விரித்தோமன்றி, வேறொருவரையும் பழியாது தாமே தட்டில் ஏறியதை நின்று நோக்கினோமில்லை.

திருவள்ளுவர் பொச்சாவாமையை இல்லறவியலில் வையாது அரசியலில் வைத்தமையும் சிந்திக்கத்தக்கது. ஏவல் செய்வாரைத் தன்கீழ் உடையவன் மறதியால் பிறர் கெடுவர் ஆகலின், அஃது அரசர்க்கு வேண்டப்பட்டது போலும். எம்போன்றோர்க்கு நாடில்லை, ஆயினும் ஒரு மாணாக்கனுக்கு யாம் அரசரே. மிக்க வெகுளியினும் மிக்க உவகையால் வருஞ் சோர்வு தீது என்று அவர் அவ்வதிகாரத்தைத் தொடங்கினர். தில்லைக்குப் புறப்பட்ட உவகையிலேதான் எம் சோர்வும் பிறந்தது. திருவாதிரையைக் காரணங் காட்டித் தப்பலாம் என்று எம் நெஞ்சு சொன்னதுண்டு. வழிபாட்டைப் பிழைக்கு மறைப்பாக இடுதல் பிழையினும் பெரிது என்று அதனை அடக்கினோம்.

மறவி முழுதுந் தீதென்று கொள்ளற்க. முதல்வன் ஐந்தொழிலுள் மறைத்தலும் ஒன்று, அதுவும் அருளே. முற்பிறப்பின் பகையும் இழவும் நினைவில் நிற்குமாயின் ஒருவனும் இப்பிறப்பில் ஒரு கவளமும் உண்ணான். பிறர் செய்த தீமையை அன்றே மறத்தல் நன்றெனச் செய்ந்நன்றியறிதலிலும் கேட்கின்றோம். சாக்கிய நாயனார் நாடோறும் இறைவன்மேற் கல்லெறியும் வழிபாட்டை ஒருநாள் மறந்து உண்ணப் புகுந்தார். அம்மறதியும் அருளால் நிகழ்ந்ததென்றே சேக்கிழார் கூறுவர். ஆயின் நினைவு வந்த அளவில் அவர் செய்தது யாது? உணவை விட்டெழுந்து ஓடினார்; முதலில் உண்போம், நாளைக்கு இருமடங்காக எறிவோம் என்று கணக்கிட்டாரில்லை. எம் நிலை அதுவன்று. சம்புடங் கண்ட அன்று நண்பகல் உண்டோம், உறங்கினோம், சிறுவனை அழைத்துவர ஆளனுப்பலாமா என்று மாலைவரை எண்ணினோம். யாமே செல்லவேண்டும் என்பது மறுநாட் காலையிலேதான் துணிவாயிற்று.

வைத்த பொருள் மறவாமைக்கு வழி கேட்பார்க்கு, எம் ஆசிரியர் இல்லத்தையே காட்டுவோம். செம்பும் மணியும் தூபக்காலும் தத்தம் இடத்தே இருக்கும்; விளக்கில்லாத வைகறையிலும் கைந்நீட்டி எடுக்கலாம். நினைவை நம்பாது இடத்தை நம்பினார் அவர். 'பத்திரமான இடம்' என்று புதியதோர் இடந் தேடுவோரே பொருளை இழப்பர் என்று நகைத்துச் சொல்லுவர். யாம் அதனையும் மறந்தோம். ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். முதுமையில் மூளை நோயால் வரும் மறதி இவ்வகையினது அன்று. அல்சைமர் என்னும் செருமானிய மருத்துவர் 1906-ஆம் ஆண்டு எடுத்துரைத்த நோய் அவர் பெயராலேயே வழங்குகின்றது. திறவுகோல் வைத்த இடத்தையன்றித் திறவுகோல் எதற்கென்பதையே மறப்பாரை, பெற்ற மகன் பெயரை மறப்பாரை, ஒழுங்கின்மை சொல்லிக் கடிதல் கொடுமை. அவர்க்கு வேண்டுவது மருத்துவமும், மறந்ததை நாணச் செய்யாது மீட்டுஞ் சொல்லும் உடனிருப்பாருமே.

சிறுவன் இல்லம் ஊர்க்கோடியில் உளது. யாம் செல்ல, அவன் தாய் திண்ணையில் பாய் விரித்துத் தண்ணீர் கொணர்ந்தார். அவன் உள்ளிருந்து வந்து, யாம் வாய் திறக்குமுன், 'ஐயா, சம்புடம் அகப்பட்டதா?' என்று கேட்டான். அகப்பட்டது என்றும், வைத்தவர் யாமே என்றும் கூறினோம். அவன் முகத்திற் கண்டது மகிழ்ச்சியே. எம்மை வென்றான் என்னுங் குறிப்பு ஒன்றும் இல்லை. அன்பர் இருவர் முன்னிலையிற் கேட்டதை அவ்விருவர் முன்னிலையிலேயே திரும்பப் பெறவேண்டும் என்று கருதி, அவரையும் அழைத்து அன்று மாலை அதனைச் செய்தோம். அவருள் ஒருவர், 'இதற்கு இத்துணை வேண்டுமா?' என்றார். வேண்டும் என்றோம்.

அவன் மீண்டும் பாடங் கேட்க வந்தான். நன்னூல் முடித்துச் சிவஞான போதமும் தொடங்கினான். மூன்றாஞ் சூத்திரம் சொல்லிய நாளில் எழுதுகோலைக் காணாது ஏட்டின் கீழும் மடியிலும் தேடிக்கொண்டிருந்தோம். 'ஐயா, காதின்மேல் இருக்கிறது' என்றான்.