சாவா மூவா ஆடும் ஆயிரம் ரூபாயும்

சோழர் காலத்தில் கோயிலில் நந்தா விளக்கு எரியப் பொன் கொடுத்தவர்கள் உண்டு. ஆடு கொடுத்தவர்களும் ஏராளம். ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள். அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கல்வெட்டுகள் அந்த ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன. பாண்டிய நாட்டில், 9ஆம் நூற்றாண்டு வரகுணன் காலத்துத் திருச்செந்தூர்க் கல்வெட்டு இன்னும் நுட்பமானது. 1400 பொற்காசுகளை ஊர்ச்சபைகளிடம் வைத்து, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் பொலிவட்டி என்றார்கள். முதலைத் தொடக் கூடாது. காசின் மதிப்பு ஏறட்டும், இறங்கட்டும், கோயிலுக்கு வர வேண்டியது நெல். கொடையாளி வாக்குக் கொடுத்தது விளக்குக்கும் படையலுக்கும். எத்தனை காசு என்ற எண்ணுக்கு அல்ல.

இப்படி மதிப்பைக் கட்டிக் காப்பது பொருட்பற்று இல்லையா என்று கேட்கலாம். நாலடியார் செல்வ நிலையாமைக்கென்றே ஓர் அதிகாரம் வைத்திருக்கிறது. நில்லாததை நிறுத்தப் பார்ப்பது அறியாமை என்பது நம் மரபில் ஊறிய எண்ணம். ஆனால் வெள்ளத்தில் வீடு போவது வேறு, பணவீக்கம் வேறு. இந்தியாவில் 2016 முதல் 4 விழுக்காடு பணவீக்கம் என்பது சட்டப்படி வகுத்த இலக்கு. அந்த இலக்கு பிசகாமல் நிறைவேறினாலே பெட்டியில் வைத்த பணம் 18 ஆண்டுகளில் பாதி மதிப்புக்கு வந்துவிடும். மனிதர் திட்டமிட்டு நடத்துவதை விதியின் கணக்கில் எழுதிவிட்டுத் துறவு பேசுவது பொருந்தாது. துறவு தன் கையால் விடுவது. பிறர் கரைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அந்தப் பெயர் கிடையாது.

இதைவிடக் கனமான மறுப்பு இஸ்லாமிய அறநெறியிலிருந்து வருகிறது. 1988இல் குவைத்தில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் (சட்டவியல்) அகாடமி, கடனை வாங்கிய நாணயத்தில் வாங்கிய எண்ணிக்கையிலேயே திருப்ப வேண்டும், விலைவாசியோடு சேர்த்து ஏற்றக் கூடாது என்று தீர்மானித்தது. கொடுத்தவருக்கு இது நட்டம்தானே? நட்டம்தான். ஆனால் விலைவாசியின் பாரத்தை முழுதும் கடன்பட்டவர் தலையில் ஏற்றுவது நியாயமா என்ற கேள்வியை இத்தீர்மானம் நம் முன் வைக்கிறது. அதே கண்ணோடு பார்த்தால் சாவா மூவா ஆடுகளும் கொஞ்சம் உறுத்தும். ஆடு நோயில் செத்தாலும் நெய் குறையக் கூடாது. கொடையாளியின் புண்ணியம் கெடாமல் இருக்க, மழை பொய்த்த ஆண்டின் நட்டத்தை இடையர் சுமந்தார். மதிப்பைக் காப்பது பாவமில்லை. ஆனால் யாராவது ஒருவர் விலை கொடுக்காமல் எந்த மதிப்பும் காக்கப்படுவதில்லை. அறக்கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் உழைத்து ஓய்வு பெறும் தொழிலாளிக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. அரசு ஊழியரின் ஓய்வூதியத்தோடு அகவிலைப்படியும் ஏறுகிறது. வருங்கால வைப்பு நிதியின் ஓய்வூதியத் திட்டத்திலோ குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரில் 1000 ரூபாய். பத்தாண்டு கழித்தும் அதே 1000. விலைவாசி ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறியது என்று வைத்துக்கொண்டால், அந்த ஆயிரம் பத்தாண்டில் ஏறத்தாழ 614 ரூபாய்க்குரிய பொருளைத்தான் வாங்கும். தங்கம் வாங்கு, பங்கு வாங்கு என்று அவருக்கு யோசனை சொல்பவர்கள் ஆபத்தையும் சேர்த்தே அவரிடம் தள்ளுகிறார்கள். எல்லாருக்கும் விலைவாசிப்படி ஏற்றினால் விலை மேலும் ஏறும் என்பார்கள். அந்த அச்சம் அகவிலைப்படி விஷயத்தில் மட்டும் ஏன் எழவில்லை? பாரத்தைப் பல கோடிப் பேருக்கும் பல தலைமுறைக்கும் பகிர்ந்து சுமக்க அரசால் முடியும். 2013 டிசம்பரில் நுகர்வோர் விலைக் குறியீட்டுக்கு மேல் 1.5 விழுக்காடு தரும் சேமிப்புப் பத்திரங்களை வெளியிட்டபோது அதைச் செய்தும் காட்டியது, வாங்கியவர்கள்தான் குறைவு. கையில் மிச்சம் இருப்பவருக்கு நீட்டிய அந்த ஏற்பாட்டை, மிச்சமே இல்லாதவரின் ஓய்வூதியத்துக்கு முதலில் செய்திருக்க வேண்டும்.