நோயின் செய்தி யாருக்கு உரியது?

இல்லறத்தார் மேற்கொள்ளும் ஐந்து அணுவிரதங்களுள் இரண்டாவது வாய்மை. பொய் பேசாதிருந்தால் இவ்விரதம் நிறைவேறிவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இவ்விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை எடுத்துரைக்கிறார். தவறான உபதேசம், மறைவில் உள்ளதை வெளியிடுதல், பொய்ப் பத்திரம் எழுதுதல், நம்பி வைத்த பொருளைக் கவர்தல், குறிப்பினால் அறிந்த பிறர் இரகசியத்தைப் பரப்புதல் என்பன அவை.

இவற்றுள் இரண்டாவதும் ஐந்தாவதும் நம் சிந்தனைக்கு உரியவை. அங்கே சொல்லப்படும் செய்தி முழு உண்மையாகவே இருக்கலாம். இருந்தும் அதைச் சொன்னவருடைய விரதம் பழுதுபடுகிறது. உண்மையைச் சொல்லியே வாய்மையிலிருந்து வழுவ இயலும் என்பது நம் ஆசாரியர்களின் நுண்ணிய முடிபு. திருக்குறளின் வாய்மை அதிகாரமும் பிறருக்குத் தீங்கு விளைக்காத சொல்லையே வாய்மை என்று கொண்டு தொடங்குவதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

இந்த நுட்பம் இன்று மிகுதியும் வேண்டப்படும் இடம் மருத்துவமனை. பெற்றவரிடமும் வாழ்க்கைத் துணையிடமும் சொல்லாதவற்றை மனிதர் மருத்துவரிடம் சொல்கின்றனர். சொன்னால்தான் மருத்துவம் நடைபெறும். அச்சத்தினாலோ நாணத்தினாலோ ஒன்றை மறைத்தால், மருந்து தவறும், நோய் முற்றும். ஆகவே நோயாளி மருத்துவரிடம் ஒப்படைக்கும் செய்தி, நம்பி வைத்த அடைக்கலப் பொருளைப் போன்றது. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் பழைய உறுதிமொழியும் நோயாளியிடம் அறிந்ததை வெளியிடாமையை மருத்துவரின் கடமையாக வைத்தது. நம் நாட்டில் இந்திய மருத்துவக் கழகம் 2002-ஆம் ஆண்டு வகுத்த நடத்தை விதிகளும் அதையே கட்டளையிடுகின்றன. 2017-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, அந்தரங்கம் காக்கப்படுதல் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது.

விதிகள் இவ்வாறிருக்க, நடைமுறை எவ்வாறு உள்ளது? ஒருவர் தம் நோயைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்த நோயாளி அதே அறையில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். வரிசையில் இருப்பவரின் பெயரோடு நோயின் பெயரையும் சேர்த்து உரக்க அழைக்கும் வழக்கமும் உண்டு. பரிசோதனை முடிவை யார் வந்து கேட்டாலும் கொடுத்துவிடுகின்றனர். கொரோனா பரவிய 2020-ஆம் ஆண்டில் வீட்டுக் கதவுகளில் அறிவிப்பு ஒட்டப்பட்டதை நாம் மறக்கவில்லை. நோய் நீங்கிய பின்னும் அவ்வீட்டாரை அண்டை அயலார் விலக்கி வைத்த செய்திகள் பல. அவ்வாண்டு டிசம்பர் 9-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி உரிய அதிகாரி தனியாக ஆணையிட்டாலன்றி அத்தகைய அறிவிப்புகளை ஒட்டலாகாது என்று கூறியது.

மருத்துவமனையை மட்டும் குறை கூறி நாம் ஒதுங்கிவிட இயலாது. தமிழ்ச் சமணராகிய நாம் சிறிய சமுதாயத்தினர். வந்தவாசிப் பக்கத்து ஊரொன்றில் ஒருவர் படுத்தால், செஞ்சியிலும் திண்டிவனத்திலும் சென்னையிலும் உள்ள உறவினருக்கு மறுநாளே தெரிந்துவிடுகிறது. இது நம் பலம். துன்பத்தில் ஓடி வருவோர் நமக்குக் குறைவில்லை. ஆனால் அதே வழியாகத்தான், "அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வருமாமே" என்னும் சொல்லும் ஓடுகிறது. அப்பெண்ணுக்கு மட்டுமன்றி, அவள் தங்கைக்கும் வரன் தடைப்படுகிறது. சொன்னவருக்குத் தீய எண்ணம் இருந்திராது. தீங்கு மட்டும் நிகழ்ந்துவிட்டது.

வாட்ஸ்அப் குழுக்களில் நோயாளியின் புகைப்படமும் பரிசோதனை அறிக்கையும் உதவி வேண்டிப் பகிரப்படுகின்றன. உதவி கேட்பது தவறன்று; அதற்கு முன் அவருடைய ஒப்புதலைக் கேட்டோமா என்பதே வினா. ஒருவர் நலம்பெறப் பஞ்ச நமஸ்கார மந்திரம் ஜபிப்பதற்கு அவருடைய பெயர் போதும். நோயின் பெயர் வேண்டுவதில்லை.

இங்கு ஓர் ஐயம் எழும். ஒருவரின் நோயை மறைப்பதால் மற்றொருவருக்குக் கேடு வருமாயின் என்ன செய்வது? இது கற்பனை வினா அன்று. 1995-ஆம் ஆண்டு டிசம்பரில் நடைபெறவிருந்த ஒரு திருமணம், மணமகனுக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது மருத்துவமனை வாயிலாக வெளிப்பட்டதால் நின்றுபோனது. அவர் மருத்துவமனை மீது வழக்குத் தொடுத்தார். 1998-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், மருத்துவர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவரே எனினும், மணக்கவிருந்த பெண்ணின் உயிர் அதனினும் மேலானது என்று கூறி அவ்வழக்கைத் தள்ளியது. அத்தீர்ப்பில் தொற்றுடையோரின் திருமண உரிமையைப் பற்றிச் சொல்லப்பட்ட பொதுக் கருத்துகள் அவ்வழக்கிற்குத் தேவையற்றவை என்று 2002-ஆம் ஆண்டு அதே நீதிமன்றம் விளக்கியது.

2017-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஒரு முறையை வகுத்தது. தொற்றுடையவர் தாமே தம் துணையிடம் சொல்லுமாறு முதலில் அறிவுரை கூறவேண்டும். அவர் சொல்லமாட்டார் என்பது உறுதியாகி, துணைக்குப் பெருங்கேடு நேரும் என்றும் தெரிந்தால், மருத்துவரோ ஆலோசகரோ துணையிடம் தெரிவிக்கலாம். அவ்வாறு தெரிவிக்கப்போவதைத் தொற்றுடையவருக்கு முன்னரே கூறிவிடவேண்டும். ஊராருக்குச் சொல்ல எங்கும் இடமில்லை.

இம்முறையில் ஓர் அறம் பொதிந்துள்ளது. செய்தி உரியவர் வாயிலிருந்தே வரவேண்டும். இயலாதபோது, கேடு யாரைத் தொடுமோ அவரை மட்டும் அது சென்றடையவேண்டும். பள்ளி ஆசிரியர் அனைவரும் இதை அறிவர். வலிப்பு நோயுள்ள மாணவனைப் பற்றி வகுப்பாசிரியருக்குத் தெரிந்திருக்கவேண்டும்; இல்லையேல் ஆபத்து நேரத்தில் அவனைக் காக்க இயலாது. வகுப்பிலுள்ள நாற்பது பிள்ளைகளுக்கும் அது தெரியவேண்டுவதில்லை. திருமணப் பேச்சிலும் இதுவே அளவு. மறைத்து மணம் முடிப்பது வஞ்சனை. சம்பந்தப்பட்டவர் மணக்கவிருப்பவரிடம் நேரே சொல்லுதல் கடமை. இடையில் நின்று மற்றவர் பேசுதல் எவருடைய கடமையும் அன்று.

இனி இதன் மறுபக்கத்தைக் காண்போம். ஊருக்கெல்லாம் தெரிந்த செய்தி பல வீடுகளில் ஒருவருக்கு மட்டும் தெரிவதில்லை. அவர்தான் நோயாளி! "அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், டாக்டர், தாங்கமாட்டார்" என்று மகன் கேட்டுக்கொள்கிறார். மருத்துவரும் மகனை அறைக்குள் அழைத்துப் பேசுகிறார். தாய் வெளியே பெஞ்சில் அமர்ந்திருக்கிறார். மருமகளுக்குத் தெரியும், சம்பந்தி வீட்டாருக்குத் தெரியும், பார்க்க வந்தவர்களுக்கும் தெரியும். அவர்கள் முகத்தைப் பார்த்துத் தாய் தம் நோயை ஊகித்துக்கொள்ளவேண்டியிருக்கிறது.

இது அன்பினால் செய்யப்படுவது என்பதில் ஐயமில்லை. ஆயினும் எழுபதைக் கடந்த நாம், நம் வயதினர் சார்பில் பிள்ளைகளிடம் ஒன்று கூற விரும்புகிறோம். சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் சல்லேகனைக்குரிய சூழல்களுள் ஒன்றாகத் தீராப் பிணியையும் கூறியுள்ளார். அந்நிலையில் பகையும் பற்றும் விடுத்து, உற்றாரிடம் பொறுத்தருள வேண்டி, தாமும் பிறரைப் பொறுத்து, மனத்தைத் தூய்மை செய்துகொள்வது நம் நெறி. அந்நோன்பை ஏற்கும் உறுதி சிலருக்கே அமையும். ஆனால் வாழ்வின் இறுதிப் பகுதியை அறிவோடு எதிர்கொள்ளும் வாய்ப்பு அனைவருக்கும் உரியது. தம் பிணி தீராதது என்பதையே அறியாதவர் எதைத் துறப்பார்? யாரிடம் பொறுத்தருளக் கேட்பார்? கொடுக்க நினைத்த தானத்தை எப்போது கொடுப்பார்? உடல் துன்பத்தைக் குறைப்பதற்காக மறைத்தோம் என்பவர்கள், உயிருக்குரிய நற்காலத்தையும் சேர்த்து மறைத்துவிடுகின்றனர்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிடவேண்டும் என்று நாம் கூறவில்லை. "உங்கள் உடல்நிலை பற்றி முழுவதும் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா, அல்லது எங்களிடம் விட்டுவிடுகிறீர்களா?" என்று அவரையே கேட்கலாம். அறிய வேண்டாம் என்று அவர் சொன்னால் அதுவும் அவருடைய முடிவே. கேளாமலே முடிவு செய்வதுதான் முறையன்று. உள்நோயாளியின் பதிவேடுகளை மூன்று ஆண்டுகள் பாதுகாக்கவேண்டும் என்றும், நோயாளியோ அவர் அதிகாரமளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தரவேண்டும் என்றும் 2002-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. நம் முதியோர் இதைத் தெரிந்து வைத்திருத்தல் நலம்.

இப்போது பதிவேடுகள் கணினிக்குள் சென்றுவிட்டன. 2021-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மைய அரசின் திட்டத்தில், விரும்புவோருக்குப் பதினான்கு இலக்க நலவாழ்வு எண் வழங்கப்படுகிறது. வெளியூர் மருத்துவரும் பழைய பரிசோதனைகளைப் பார்க்க இது உதவும். பார்ப்பதற்கு நோயாளியின் ஒப்புதல் வேண்டும். 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் தாக்கப்பட்டு, பணிகள் பல நாட்கள் கையால் எழுதி நடத்தப்பட்டன. எங்கோ இருக்கும் கணினியும் காவல் வேண்டும் பெட்டகமே என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லிவிடுவது, பெட்டகத்தின் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். எதற்காகக் கேட்கிறார்கள் என்று வினவ நாம் கூசவேண்டியதில்லை.

உணவு, மருந்து, கல்வி, அபயம் என்று நான்கு தானங்களை நம் முன்னோர் போற்றினர். பள்ளிகளைச் சார்ந்து அஞ்சினான் புகலிடங்கள் இருந்ததை மயிலை சீனி. வேங்கடசாமி 'சமணமும் தமிழும்' நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். அஞ்சி வந்தவரைக் காட்டிக்கொடாமல் காத்த மரபு அது. இன்று நோயுற்றவர் அஞ்சுவது நோய்க்கு மட்டும் அன்று. ஊரார் வாய்க்கும் அஞ்சுகிறார். மருந்து தானம் செய்யப் பொருள் வேண்டும். இந்த அபய தானத்திற்கு நாவடக்கம் ஒன்றே போதும். எளியவரும் இதைச் செய்யலாம்.

நோயுற்றவரைக் காணச் செல்லும் சிராவக, சிராவகியர் நோய் என்னவென்று வினவாமல், "ஏதேனும் செய்யவேண்டுமா?" என்று வினவுவாராக. அவரே சொன்னால் செவிமடுத்து, கேட்டதை அங்கேயே விட்டு வருவாராக. பிள்ளைகள் பெற்றோரின் உடல்நிலையை முதலில் பெற்றோரிடமே பேசுவாராக. வாய்மை விரதம் இவ்வாறு முழுமை பெறட்டும். அறம் வளர்க!