கவிழ்ந்து கிடக்கும் 21 சீட்டு

மனைவியின் கழுத்துக் கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். பதினோரு மணிக்கு ரிப்போர்ட் என்றார்கள்; பன்னிரண்டரை ஆகியும் வரவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து கைபேசியில் சாலிட்டேர் ஆடிக்கொண்டிருந்தேன். முப்பது வருஷமாக ராகுகாலம் பார்க்காதவன், மகள் கல்யாணத்தைத் தேய்பிறையில் நடத்தியவன். அன்று என் மனசு கூசாமல் சொன்னது: இந்த ஆட்டம் ஜெயித்தால் ரிப்போர்ட் நல்லதாக வரும்.

தோற்றேன். உடனே ‘மூன்றில் இரண்டு’ என்று பந்தயத்தை மாற்றிக்கொண்டேன்.

பக்கத்தில் மாமியார். “எல்லாம் தலையில எழுதினபடிதான் நடக்கும் மாப்ளே” என்றார். சமயபுரத்துக்கு மொட்டை போடுவதாக வேண்டியிருந்தார். அவர் பேரத்திலாவது ஒரு விலை உண்டு. நான் ஒரு மயிரும் கொடுக்காமல் சலுகை கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆடியவர்களுக்குத் தெரியும். 52 சீட்டில் 28 சீட்டை ஏழு வரிசையாகப் போட வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் கடைசிச் சீட்டு மட்டும் முகம் காட்டும். 21 கவிழ்ந்து கிடக்கும். மீதி 24 கட்டில். இரண்டாவது ஆட்டத்தில் ஒரே ஒரு கறுப்பு எட்டு திறந்திருந்தது. அதன்மேல் வைக்க இரண்டு சிவப்பு ஏழு. ஆர்ட்டின் ஏழுக்கு அடியில் இரண்டு சீட்டு கவிழ்ந்திருந்தன, டைமன் ஏழுக்கு அடியில் ஐந்து. அதிகம் புதைந்திருப்பதைத் தோண்டுவதுதான் புத்தி. டைமனை எடுத்தேன். அடியில் ஒரு ராஜா. காலி வரிசை இல்லாமல் ராஜாவை நகர்த்த முடியாது, ஆட்டம் மாட்டிக்கொண்டது. பின்வாங்கும் பொத்தானை அழுத்தி, ஆர்ட்டினைத் தூக்கிப் பார்த்தேன். ஏஸ்!

நான் எடுத்த முடிவு தவறா? இப்போதும் இல்லை என்றுதான் சொல்வேன். கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து எடுத்த சரியான முடிவு தோற்றது, அவ்வளவுதான். ஆனால் நம் ஊரில் இப்படி யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஜெயித்தால் என் சாமர்த்தியம், தோற்றால் என் தலைவிதி. அடுத்தவன் ஜெயித்தால் அவனுக்கு அதிர்ஷ்டம், தோற்றால் அவன் செய்த வினை.

1946இல் ஸ்டானிஸ்லா உலாம் என்ற கணிதவியலாளர் மூளைக்காய்ச்சலிலிருந்து தேறிவந்த நாட்களில் இப்படித்தான் தனியாகச் சீட்டாடிக்கொண்டிருந்தார். சாவின் விளிம்புவரை போய்த் திரும்பிய மனிதர். சகுனம் கேட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கேட்டது வேறு: இந்த ஆட்டம் ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு? 52 சீட்டை அடுக்கும் வழிகளை எழுதினால் 68 இலக்க எண் வரும். கணக்குப் போட்டு மாளாது. சரி, நூறு தடவை ஆடி, எத்தனை ஜெயித்தது என்று எண்ணிவிட்டால்? அந்த யோசனைதான் சக கணிதவியலாளர் ஜான் வான் நாய்மனிடம் போய், மான்டே கார்லோ முறை ஆனது. ‘எனக்கு என்ன நடக்கும்’ என்பதை விட்டு ‘நூறில் எத்தனை’ என்று கேட்க, தன்னைக் கொஞ்சம் மறக்க வேண்டும். (அந்தக் கணக்கு முதலில் போனது அணு ஆயுத வேலைக்குத்தான். பகுத்தறிவு வந்தால் நல்ல புத்தியும் கூடவே வந்துவிடும் என்று நினைக்கும் என் நண்பர்கள் இதையும் குறித்துக்கொள்ளட்டும்.)

பின்னால் வந்தவர்கள் கணினியை வைத்து எண்ணிப் பார்த்தார்கள். மூன்று மூன்றாகச் சீட்டெடுக்கும் ஆட்டத்தில், கவிழ்ந்தவை எல்லாமே தெரிந்திருந்தாலும், நூறில் சுமார் 82தான் ஜெயிக்கக் கூடியவை. மீதியை எந்தச் சூரனாலும் ஜெயிக்க முடியாது. அப்படியொரு ஆட்டம் கைக்கு வந்தவன் முற்பிறவியில் என்ன செய்தான் என்று எந்த மடையனும் கேட்க மாட்டான். பிறப்பு என்று வந்தால் மட்டும் கேட்கிறோம். சேரியில் பிறந்ததற்கும் ஊனத்தோடு பிறந்ததற்கும் பழைய பாக்கி தேடுகிறோம். சீட்டாவது யாருக்கென்று பார்க்காமல் கலைக்கப்படுகிறது. சாதியில் சிலர் கட்டைத் தங்களுக்கு வசதியாக அடுக்கி வைத்துவிட்டு, கலைத்தவன் ஆண்டவன் என்றார்கள்.

ஒன்றேகாலுக்குக் கூப்பிட்டார்கள். சாதாரணக் கட்டிதான், பயமில்லை. தாளில் தேதி பார்த்தேன்: சோதனை முந்தின நாளே முடிந்திருந்தது. நான் சீட்டைப் புரட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அது ஏதோ ஒரு மேசையில் கவிழ்ந்து கிடந்திருக்கிறது.

“பாத்தீங்களா, அம்மா கைவிடல” என்றார் மாமியார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

எதிர் பெஞ்சில் பத்து வயதுப் பையனோடு ஒருவர் இருந்தார். அவர் தாளை வாங்கிப் படித்தார், நாலாக மடித்தார், மறுபடி பிரித்தார். பையன் “என்னப்பா?” என்றான். மாமியார் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: “பாவம். என்ன கர்மமோ.”

அந்த மனிதரின் மணிக்கட்டிலும் சமயபுரத்து மஞ்சள் கயிறு இருந்தது.